கொலம்பஸ் ஏறிய அம்மாவுக்கு மூன்று நாளாகக் கட்டில் சுற்றுகிறது

காவேரிப்பட்டணம்_மாங்கா
சனிக்கிழமை, இரவு 9.40

புதன்கிழமை கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மாம்பழம் பார்த்தது பத்து நிமிடம், மீதி நேரமெல்லாம் தூரிப் பக்கம்தான். ராட்டினம், ஊஞ்சல் மாதிரி ஆடும் கொலம்பஸ் கப்பல், கப் சாசர் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரே பெயர், தூரி.

அம்மாவுக்கு 58 வயது. பிரஷருக்கு ஒரு மாத்திரை, மற்றபடி ஆள் கெட்டி. பேத்தி கொலம்பஸ் ஏறப் பயந்து நின்றதும், "ஆடிப் பதினெட்டுக்குப் புளியமரத்துத் தூரியில நான் பாக்காத உசரமா" என்று அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார். இறங்கும்போது சிரித்துக்கொண்டுதான் இறங்கினார். அப்புறம் மிளகாய் பஜ்ஜி, டெல்லி அப்பளம் எல்லாம் ஆயிற்று.

ராத்திரி படுத்து வலது பக்கம் திரும்பினார் பாருங்கள், "டேய், கட்டில் கவுருதுடா" என்று ஒரு கத்தல். ஓடிப்போய்ப் பார்த்தால் இரண்டு கையாலும் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடியிருக்கிறார். அரை நிமிடம் இருக்கும், நின்றுவிட்டது. அன்றிலிருந்து இதே கதை. படுத்தால் சுற்றுகிறது, வலப்பக்கம் புரண்டால் சுற்றுகிறது, பரணில் இருக்கும் டப்பாவை அண்ணாந்து பார்த்தாலும் சுற்றுகிறது. நேராக உட்கார்ந்திருந்தால் ஒன்றுமில்லை. ஒரே ஒரு தடவை வாந்தி. மருந்துக்கடையில் தலைசுற்றல் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், தூக்கம்தான் வருகிறது. பக்கத்து வீட்டில் திருஷ்டி என்கிறார்கள், மனைவி லோ பிரஷர் என்கிறாள்.

இது தூரியால் வந்ததா? இன்னொன்று, அடுத்த மாதம் வேன் பிடித்துப் பதினாறு பேர் பெங்களூர்ப் பக்கம் ஒரு தீம் பார்க் போவதாக முன்பணம் கட்டியாகிவிட்டது. மாமனாருக்குச் சிறுநீரகக் கல் இருக்கிறது, கொழுந்தியாள் நாலு மாதம், பொடிசுகள் ஐந்து. யாரை எதில் ஏற்றலாம், யாரை ஏற்றக் கூடாது?


ஓசூர்_நைட்ஷிப்ட்
சனிக்கிழமை, இரவு 10.05

பஜ்ஜி எண்ணெய்தான் காரணம் என்று எழுத வந்தேன், "வலப்பக்கம் புரண்டால் சுற்றுகிறது" என்றதும் நிறுத்திக்கொண்டேன். எண்ணெய்க்கு வலது இடது தெரியாது.

எனக்கு உயரம் என்றாலே ஆகாது. ஜெயின்ட் வீலில் ஒரு தடவை ஏறி, மேலே போய் நின்றபோது கம்பியைப் பிடித்த பிடியில் உள்ளங்கையில் துருவின் அச்சு விழுந்துவிட்டது. நெஞ்சு அடிப்பது காதில் கேட்டது. கீழே இறங்கி இரண்டு நிமிடத்தில் டீ குடித்தேன், அவ்வளவுதான். என்னைக் கிண்டலடித்த தைரியசாலி நண்பன், தன் மூன்று வயதுக் குழந்தைக்குத் துணையாகக் கப் சாசரில் உட்கார்ந்தான். கைக்குழந்தைகள் போகிற தூரி அது. இறங்கியதும் வேலியைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் சாப்பிட்டதையெல்லாம் எடுத்துவிட்டான். எனக்கு இன்றுவரை அந்தக் கணக்கு புரியவில்லை.


ஸ்டாஃப்நர்ஸ்_பாலக்கோடு
சனிக்கிழமை, இரவு 10.50

மாங்கா தம்பி, முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். அம்மாவுக்குப் பேச்சு குழறுகிறதா? முகம் ஒரு பக்கம் இழுக்கிறதா? கை கால் ஏதாவது ஒன்று பலம் குறைந்த மாதிரி இருக்கிறதா? ஒன்று இரண்டாகத் தெரிகிறதா? நடந்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறாரா? இதுவரை வராத மாதிரி கடும் தலைவலி? இதில் ஒன்று இருந்தாலும் இந்த இழையை மூடிவிட்டு இப்போதே வண்டியை எடுங்கள்.

ஒன்றுமே இல்லை என்றால், நீங்கள் சொல்வது காதுக்குள்ளிருந்து வருகிற தலைசுற்றல் மாதிரிதான் தெரிகிறது. உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன, உள்ளே திரவம். தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்குச் சொல்வது அவைதான். பக்கத்திலேயே ஒரு சின்னப் பை. அதில் ஒரு பசை மெத்தை மேல் பொடிப்பொடியாகச் சுண்ணாம்புப் படிகங்கள் பதிந்திருக்கும். நிஜமாகவே கால்சியம் கார்பனேட், முட்டை ஓட்டில் இருக்கிற அதே சரக்கு. மேல் கீழ், முன் பின் என்று உடம்பு நகர்வதை அந்தப் படிகங்களின் பாரத்தை வைத்துத்தான் காது உணர்கிறது. அதில் சில பெயர்ந்து பக்கத்துக் குழாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கும்போதும் புரளும்போதும் அவை உருண்டு திரவத்தைத் தள்ளும். தலை நின்ற பிறகும் "சுற்றுகிறேன், சுற்றுகிறேன்" என்று காது சொல்லிக்கொண்டே இருக்கும். படிகம் அடியில் போய்ப் படிந்ததும் நின்றுவிடும். அதனால்தான் ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது.

கொலம்பஸ்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். தலையில் அடி, பலமான குலுக்கல் எல்லாம் காரணமாகலாம். ஆனால் ஐம்பது தாண்டிய பெண்களுக்கு ஒன்றுமே செய்யாமல் ஒரு நாள் காலையில் எழும்போதும் வரும். எங்கள் ஓ.பி.யில் வாரம் ஒருவராவது "பூமி சுத்துது" என்று வருவார், அவர்கள் யாரும் ராட்டினம் ஏறியவர்கள் இல்லை.

மாத்திரையை நீட்டித்துக்கொண்டு போகாதீர்கள். திங்கட்கிழமை காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் கண்டுபிடித்த முறை ஒன்று இருக்கிறது. தலையை ஒவ்வொரு கோணமாகத் திருப்பித் திருப்பி, குழாய்க்குள் விழுந்த படிகத்தைப் பழைய இடத்துக்கே உருட்டிவிடுவார்கள். ஊசி கிடையாது. யூடியூப் பார்த்து வீட்டில் செய்யாதீர்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரியாமல் திருப்பினால் வீண், அவருக்குக் கழுத்தெலும்புத் தேய்மானம் வேறு இருந்தால் வம்பு.

வேன் கதைக்கு நாளைக்கு வருகிறேன், டியூட்டி முடிந்து கண் சொக்குகிறது.


காவேரிப்பட்டணம்_மாங்கா
சனிக்கிழமை, இரவு 11.02

நீங்கள் கேட்டதில் ஒன்றும் இல்லை அக்கா. இப்போதுதான் "ஆ காட்டுமா, கையைத் தூக்குமா" என்று எல்லாம் பார்த்தேன். "எனக்கு என்ன பைத்தியமா" என்று திட்டு விழுந்தது. பேச்சு குழறவில்லை என்பது உறுதியாயிற்று.


ஊத்தங்கரை_இயற்பியல்
ஞாயிறு, காலை 7.15

ஓசூர் தம்பிக்குப் புரியாத கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன். பதினொன்றாம் வகுப்பு எடுக்கிறேன். ஊசல் பாடம் வந்தால் கொலம்பஸ் படம்தான் கரும்பலகையில் வரைவது.

கொலம்பஸ் ஒரு பெரிய ஊசல். 60 டிகிரி சாய்ந்து மேலே நின்றுவிட்டுக் கீழே வருகிறது என்று வையுங்கள். அடிமட்டத்தைத் தாண்டும்போது நடுவில் இருப்பவரை இருக்கை அவருடைய எடையைப் போல இரண்டு மடங்கு விசையோடு தாங்குகிறது. 60 கிலோ ஆள் 120 கிலோவாகத் தன்னை உணர்வார். இதைத்தான் 2 ஜி என்கிறார்கள். மேலே போய் நிற்கும் கணத்தில் அதே ஆள் 30 கிலோ. இப்போது ஓரத்துக்கு வருவோம். கப்பலின் நுனி ஏற்கெனவே ஒரு 30 டிகிரி தள்ளி இருக்கிறது. கப்பல் 60 சாய்ந்தால் நுனியில் உட்கார்ந்தவர் 90 டிகிரிக்குப் போய்விடுகிறார். அங்கிருந்து இருக்கை விழுகிறது, அவரும் கூடவே விழுகிறார், இருக்கை அவரைத் தாங்குவதே இல்லை. எடையே இல்லாத மாதிரி ஒரு கணம். மாங்கா தம்பியின் அம்மா பிடித்தது அந்த இடம்.

வயிறு கவ்வுவது அப்போதுதான். குடல், இரைப்பை, கல்லீரல் எல்லாம் சவ்வுகளில் தொங்குகிறவை. எப்போதும் கீழ்நோக்கி இழுத்துக்கொண்டிருக்கும் பாரம் திடீரென்று இல்லாமல் போனால் அவை சற்று மேலே எழும்புகின்றன, அந்த வித்தியாசம்தான் அடிவயிற்றில் ஜிவ்வென்று தெரிகிறது. டவுன் பஸ் கடைசி சீட்டில் உட்கார்ந்து பாலத்து மேட்டில் இறங்கும்போது வருமே, அதேதான்.

ஜெயின்ட் வீலுக்கு வாருங்கள். நம் ஊர்ப் பொருட்காட்சியில் பத்து மீட்டர் ஆரமுள்ள சக்கரம் பத்து விநாடிக்கு ஒரு சுற்று போனால், கீழே 1.4 ஜி, மேலே 0.6 ஜி. உடம்புக்கு இது ஒன்றுமே இல்லை. பயம் முழுக்கக் கண் வழியாகத்தான் வருகிறது. கப் சாசரில் விசை குறைவு, ஆனால் சுழற்சி இரட்டை. தட்டு ஒரு பக்கம் சுற்ற, கோப்பை தன் போக்கில் இன்னொரு பக்கம் சுற்றும். காதுக் குழாய்த் திரவத்துக்கு நிலைகொள்ள நேரமே கிடைக்காது. பயந்தவர் டீ குடிப்பதும் பயப்படாதவர் வேலியைப் பிடிப்பதும் இதனால்தான்.

பெரிய ரோலர் கோஸ்டர்களில் உச்சமாக 3 முதல் 5 ஜி வரை போகும், ஓரிரு விநாடி மட்டும். அந்தக் காலஅளவுதான் முக்கியம். பயிற்சி இல்லாத ஒருவருக்குத் தலையிலிருந்து கால் நோக்கி 4, 5 ஜி சில விநாடிகள் தொடர்ந்தால் மூளைக்கு ரத்தம் ஏறாது. முதலில் நிறம் மங்கும், பிறகு பார்வை இருளும், அதற்கும் மேலே போனால் மயக்கம். போர் விமானிகள் 9 ஜி வரை தாங்குவது காலிலும் வயிற்றிலும் இறுக்கும் உடையாலும், தசையை முறுக்கி மூச்சை அடக்கும் பயிற்சியாலும். அந்தப் பயிற்சிக்கான சுழல் எந்திரம் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரில் விமானப்படையின் விண்வெளி மருத்துவக் கழகத்தில் இருக்கிறது.

ஜி என்றதும் மிரளவும் வேண்டாம். தும்மினால் தலைக்கு ஏறத்தாழ 3 ஜி. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தால் ஒரு கணம் 10 ஜி வரைகூடப் போகும். கண் இமைப்பதற்குள் முடிவதால் உடம்பு கண்டுகொள்வதில்லை.


காரிமங்கலம்_பெரியவர்
ஞாயிறு, காலை 8.30

நல்லாப் படம் காட்டுகிறீர்கள் வாத்தியாரே. நாங்கள் ஆடிக்கு ஏரிக்கரைப் புளியமரத்தில் வண்டிக்கயிறு கட்டி, நின்றுகொண்டே உந்தி, கிளை தலையில் இடிக்கிற உயரத்துக்கு ஆடினவர்கள். ஒருத்தனுக்கும் படிகம் பெயரவில்லை. இந்தக் காலத்து உடம்பு பிராய்லர் உடம்பு. அதைச் சொல்லாமல் 9 ஜி, 10 ஜி என்று எதற்கு?


ஊத்தங்கரை_இயற்பியல்
ஞாயிறு, காலை 9.10

ஐயா, உங்கள் தூரியும் ஊசல்தான், விசையும் குறைச்சல் இல்லை. வித்தியாசம் எங்கே என்றால், உந்தியது நீங்கள். எப்போது மேலே, எப்போது கீழே என்று உங்கள் காலுக்கும் கழுத்துக்கும் முன்கூட்டியே தெரியும், தசை தயாராக நிற்கும். தொப்பூர் கணவாயில் பஸ்ஸில் போகிற பாதிப் பேர் ஜன்னலைத் திறப்பார்கள், டிரைவர் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு போவார். வளைவு அவர் கையில் இருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

கழுத்து விஷயத்தில் பழைய கதை ஒன்று. 1895-ல் அமெரிக்காவில் கோனி ஐலண்டில் முழு வட்டமாக வளையம் போட்ட கோஸ்டர் ஓடியது. நேர்ப்பாதையிலிருந்து திடீரென வட்டத்துக்குள் நுழையும்போது விழுந்த அடியில் ஏறியவர்களுக்குக் கழுத்து போயிற்று. 1976-ல் கலிபோர்னியாவில் கண்ணீர்த்துளி வடிவ வளையம் வந்தது. அடியில் அகலமான வளைவு, உச்சியில் சின்ன வளைவு. வேகம் அதிகமான இடத்தில் ஆரம் பெரிதாக இருந்தால் விசை மட்டுப்படும். இப்போது எங்கே தலைகீழ் வளையம் பார்த்தாலும் அந்தத் துளி வடிவம்தான்.


தூரிக்காரன்
ஞாயிறு, மதியம் 1.20

வேலை நடுவில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். பன்னிரண்டு வருடமாகத் திருவிழா திருவிழாவாகக் கொலம்பஸ் போடுகிறோம். தேர், மாரியம்மன் பண்டிகை, பொருட்காட்சி என்று வருடத்தில் எட்டு மாதம் ரோட்டில்தான்.

கப்பலை எந்தப் பெரிய எந்திரமும் தூக்குவதில்லை. அடியில் மோட்டாரில் ஒரு லாரி டயர் சுற்றும், கப்பல் அந்த டயருக்கு மேலே வரும்போது வயிற்றில் தொட்டு ஒவ்வொரு தடவையும் ஒரு தள்ளு. ஆபரேட்டர் கை லீவரில், கண் ஓரத்து இரண்டு வரிசையில். நடுவைப் பார்க்கவே மாட்டோம், நடுவில் ஒன்றும் நடக்காது. ஓரத்தில் ஒருவர் கத்துவதை நிறுத்தினார் என்றால் உடனே டயரை எடுத்துவிடுவேன். கத்துகிறவரைப் பற்றிக் கவலை இல்லை. சத்தமே இல்லாமல் முகம் வெளுத்து, மேல் உதடு வியர்த்து, எச்சில் விழுங்க ஆரம்பித்தால் இன்னும் மூன்று ஆட்டத்துக்குள் வாந்தி. எனக்கு அது மணி அடித்த மாதிரி தெரியும்.

அதிகம் விழுகிறவர்கள் சாப்பிட்டு வருகிறவர்கள் என்று நினைப்பீர்கள். இல்லைங்க. பொங்கல் வைக்க விரதம் இருந்து, வெயிலில் நின்று, தண்ணீர் குடிக்காமல் வந்து ஏறுகிறவர்கள்தான் இறங்கும்போது படியில் மயங்குகிறார்கள். பிரியாணி சாப்பிட்டவர் வாந்தி எடுப்பார், ஆனால் நடந்து போய்விடுவார்.

பிடிக்கிற கம்பி வயிற்றில் பதியாமல் தொடையின் மேல் கிடக்கணும். பின்னால் சாய்ந்து, தலையை முதுகுத் தட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளணும். பேரனைப் பார்க்கத் திரும்புகிறேன், செல்ஃபி எடுக்கிறேன் என்று தலையைப் பக்கவாட்டில் திருப்புகிறவர்களுக்குத்தான் மறுநாள் கழுத்துப் பிடிப்பு. துப்பட்டா, முந்தானை, பின்னல் எல்லாம் உள்ளே செருகாமல் நாங்கள் ஏற்றுவதில்லை. ஏற்றுகிற இடத்தில் நீங்கள் ஏறாதீர்கள்.


காவேரிப்பட்டணம்_மாங்கா
ஞாயிறு, மதியம் 1.48

அண்ணா, அம்மா முழு நேரமும் பேத்தி பக்கம் திரும்பி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். வீடியோவில் இருக்கிறது. வலது பக்கம்தான்.


தூரிக்காரன்
ஞாயிறு, மதியம் 1.55

ம்.


பென்னாகரம்_பரிசல்
ஞாயிறு, மாலை 4.30

வாத்தியார் சொன்ன டிரைவர் கதையை அப்படியே ஒகேனக்கல்லில் பார்க்கலாம். என் தாத்தா பரிசல் ஓட்டினவர். பாறை இடுக்கில் தண்ணீர் தணிந்த இடம் வந்ததும் துடுப்பை ஒரு போடு போட்டுப் பரிசலைச் சுற்றவிடுவார், டவுன்காரர்களுக்கு அது போனஸ். மூன்று விநாடிக்கு ஒரு சுற்று இருக்கும். பத்துச் சுற்றுக்குப் பிறகு நிறுத்தினால் எல்லோரும் பரிசல் இப்போது எதிர்ப்பக்கம் சுற்றுவதாகச் சத்தியம் செய்வார்கள். பரிசல் அசையாமல் நிற்கும், பாறைதான் அவர்கள் கண்ணுக்கு ஓடும். கவனித்துப் பார்த்தால் அவர்கள் கண்மணி ஒரு பக்கம் மெல்லப் போய்ச் சட்டென்று திரும்பி வரும், திரும்பத் திரும்ப.

தாத்தாவுக்கு ஒன்றும் ஆகாது. தூரத்தில் ஒரு பாறையைப் பிடித்துக்கொள்ளணும், அது போனால் அடுத்ததைப் பிடிக்கணும், பரிசலுக்குள்ளே மட்டும் பார்க்கக் கூடாது என்பார். முப்பது வருடப் பழக்கமும் சேர்ந்திருக்கும்.


ஸ்டாஃப்நர்ஸ்_பாலக்கோடு
ஞாயிறு, மாலை 5.40

தாத்தா வைத்தியம் சரியான வைத்தியம். பரிசல் நின்றாலும் குழாய்க்குள்ளே திரவம் சற்று நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பத்து இருபது விநாடிக்கு மூளை அதை நம்பிக் கண்ணை நகர்த்தும். காது ஒன்று சொல்ல, கண் ஒன்று சொல்ல, இரண்டும் முட்டிக்கொள்ளும்போதுதான் குமட்டல். தூரத்தை நிலையாகப் பார்த்தால் கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும்.

இப்போது வேன் கணக்கு.

கொழுந்தியாள் கீழேதான் உட்கார வேண்டும். நாலு மாதம் ஆகட்டும், ஆறு மாதம் ஆகட்டும், வேகமாக விழுவது, சட்டென்று நிற்பது எதிலும் ஏறக் கூடாது. திடீர் நிறுத்தத்தில் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரிலிருந்து பிரியும் அபாயம் இருக்கிறது. வயிற்றுக் கம்பி வேறு. "மெதுவாகத்தானே போகிறது" என்று யாராவது ஏற்றிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள்.

இதய நோய், கட்டுப்படாத பிரஷர், முதுகு கழுத்து ஆபரேஷன் செய்தவர்கள், வலிப்பு உள்ளவர்கள், விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் தவிர்க்கணும். ஜெர்மனியில் மன்ஹைம் மருத்துவர்கள் ஆரோக்கியமான 55 பேருக்கு ஈ.சி.ஜி. கருவி மாட்டி, மணிக்கு 120 கிலோமீட்டர் போகும் கோஸ்டரில் ஏற்றினார்கள். சராசரி நாடித்துடிப்பு 91-லிருந்து 153 ஆனது. மாடிப்படி ஓடி ஏறின மாதிரி, ஆனால் உட்கார்ந்த இடத்தில். நல்ல இதயம் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளும். அடைப்பு உள்ள இதயம், அதுவும் அடைப்பு இருப்பதே தெரியாத இதயம், அப்படி எடுத்துக்கொள்ளாது.

நம் பக்கத்துக்கென்று ஒரு எச்சரிக்கையும் உண்டு, எந்தப் பார்க் பலகையிலும் இது எழுதியிருக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் வருவதற்கு முன்பு ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரையே குடித்து வளர்ந்த பெரியவர்கள் எங்கள் ஒன்றியத்தில் நிறையப் பேர். பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். சிலருக்கு ஃபுளோரைடு எலும்பிலும் ஏறி, முதுகுத்தண்டை இணைக்கும் நாண்களே சுண்ணாம்பாக இறுகியிருக்கும். திரும்பிப் பார் என்றால் கழுத்தைத் திருப்பாமல் முழு உடம்பையும் திருப்புவார்கள். அந்தக் கழுத்துக்கு வெட்டி இழுக்கிற ஆட்டம் ஆகவே ஆகாது. காரிமங்கலம் ஐயா, உங்கள் வயதுக்காரர்களுக்குத்தான் சொல்கிறேன்.


காரிமங்கலம்_பெரியவர்
ஞாயிறு, மாலை 6.15

என் பல்லைப் பற்றி யார் சொன்னது? சரி, சரி. திரும்பித்தான் பார்க்கிறேன் அம்மணி, கொஞ்சம் மெதுவாக.


அரூர்_மஞ்சள்
ஞாயிறு, இரவு 7.30

அக்கா, என் பையன் ஏழு வயது. வேனில் ஏறி அரை மணியில் வாந்தி. ஆனால் எல்லாத் தூரியிலும் ஏறணும் என்று அடம். உயர அளவுக் கம்பியில் இரண்டு விரல் குறைவு. போன தடவை குதிகால் உயர்ந்த ஷூ போட்டுக் கூட்டிப் போய் ஏற்றிவிடலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார், நான் சண்டை போட்டேன். நான் செய்தது சரிதானே?


ஸ்டாஃப்நர்ஸ்_பாலக்கோடு
ஞாயிறு, இரவு 8.05

நூற்றுக்கு நூறு சரி. அந்த அளவு குழந்தையின் தைரியத்துக்கு இல்லை, கம்பிக்கு. கம்பி பெரியவர் தொடையை அளந்து செய்தது, இரண்டு விரல் குறைந்தால் இடுக்கில் உருவி வந்துவிடும். குழந்தைக்கு உடம்போடு பார்த்தால் தலை பெரிது, கழுத்துத் தசை மெல்லியது. பெரியவர் தலை ஆடுவதைவிட அவன் தலை பலமாக ஆடும்.

வேன் வாந்திக்கு முன் சீட், தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்வது, போன் கொடுக்காமல் இருப்பது. மாத்திரை வேண்டுமென்றால் டாக்டரிடம் எடைக்கு ஏற்ற அளவு கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். குமட்ட ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும்.

தண்ணீர்ச் சறுக்கில் கையை மார்பில் கட்டு, காலைக் குறுக்காகப் போடு என்று ஊதல் ஊதிச் சொல்வார்கள். பலர் ஸ்டைலுக்கு என்று நினைக்கிறார்கள். உயரமான செங்குத்துச் சறுக்கில் அடியில் விழும்போது தண்ணீர் பாய்கிற வேகத்தில், கால் விரிந்திருந்தால் உள்ளே பீய்ச்சிக் காயமாகும். குறிப்பாகப் பெண்கள். வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் சொல்வதில்லை, அதனால் நானே எழுதிவிட்டேன்.


மத்தூர்_கல்
ஞாயிறு, இரவு 9.20

மாமனார் கல்லைப் பற்றி யாருமே பேசவில்லையே! நான் இரண்டு தடவை கல் பட்டவன். வாழைத்தண்டுச் சாறு குடித்துக் குடித்து நாக்கே நார் ஆகிவிட்டது. ரோலர் கோஸ்டர் ஏறினால் கல் விழுந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது கப்சாவா?


ஊத்தங்கரை_இயற்பியல்
ஞாயிறு, இரவு 9.55

கப்சா இல்லை, அதுதான் வேடிக்கை. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் டேவிட் வார்ட்டிங்கர் என்ற சிறுநீரக மருத்துவர். அவரிடம் வந்த நோயாளி ஒருவர், ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டில் ஒரே கோஸ்டரில் மூன்று தடவை ஏறி, மூன்று தடவையும் ஒவ்வொரு கல் விழுந்ததாகச் சொன்னார். இவர் விடவில்லை. அந்த நோயாளியின் சிறுநீரகத்தை அப்படியே சிலிக்கோனில் அச்செடுத்து, உள்ளே சிறுநீரும் கல்லும் போட்டு, முதுகுப் பையில் வைத்துக்கொண்டு அதே கோஸ்டரில் திரும்பத் திரும்பப் போனார். பின் இருக்கையில் 64 சதவீதம் கல் நகர்ந்தது, முன் இருக்கையில் 17 சதவீதம்தான். 2016-ல் கட்டுரையாக வந்தது, 2018-ல் இக் நோபல் பரிசும் கிடைத்தது. முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குக் கொடுக்கிற பரிசு அது.

அந்தக் கோஸ்டர் தலைகீழாகப் போகாது, பயங்கர வேகமும் இல்லை. குலுங்கிக் குலுங்கிப் போகிற மலை ரயில் மாதிரி. அதிவேகக் கோஸ்டர்களில் அவ்வளவு பலன் இல்லை, விசை கல்லை ஒரே பக்கம் அழுத்திப் பிடித்துவிடுகிறது. கெட்டித் துணியை உதறிப் பொடியைத் தட்டுவதற்கும் பிழிவதற்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.


ஓசூர்_நைட்ஷிப்ட்
ஞாயிறு, இரவு 10.10

அப்படியென்றால் அஞ்செட்டி ரோட்டில் டவுன் பஸ் பின் சீட்டில் நாலு தடவை போய் வந்தால் போதும், டிஸ்னி எதற்கு?


ஸ்டாஃப்நர்ஸ்_பாலக்கோடு
ஞாயிறு, இரவு 10.30

சிரித்துவிட்டேன். ஆனாலும் மாமனாரை இதற்காக ஏற்றாதீர்கள். அந்த ஆய்வில் இருந்தது சில மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக் கல். அதுவும் சிலிக்கோன் சிறுநீரகத்தில், அதற்கு வலிக்காது. பெரிய கல் நகர்ந்து குழாயில் மாட்டினால் வலி தாங்காமல் அங்கேயே உருளுவார். ஸ்கேனில் அளவு பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொன்று சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியப்பா, 66 வயது, இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர். ஒரு பார்க்கில் தலையைப் பக்கவாட்டில் படீர் படீரென்று வெட்டுகிற ஒரு ஆட்டத்தில் ஏறினார். எங்கும் இடிக்கவில்லை. லேசான தலைவலி, வெயில் என்று விட்டுவிட்டார்கள். தலைவலி போகவே இல்லை. மூன்றாவது வாரம் செருப்பு காலிலிருந்து நழுவுவது அவருக்கே தெரியவில்லை. ஸ்கேன் எடுத்தால் மூளை உறைக்கு அடியில் ரத்தக்கட்டு. வயதானால் மூளை கொஞ்சம் சுருங்கும், மண்டைக்கும் மூளைக்கும் நடுவில் ஓடும் மெல்லிய நாளங்கள் இழுபட்டு நிற்கும். வெட்டி ஆட்டினால் கிழிந்து, சொட்டுச் சொட்டாக வாரக்கணக்கில் கசியும். மிக மிக அபூர்வம்தான், ஆபரேஷன் செய்து நன்றாக இருக்கிறார். ஆனால் ஆட்டத்துக்குப் பிறகு வந்த தலைவலி மறுநாளும் தொடர்ந்தால், நாள் போகப் போக ஏறினால், டாக்டரிடம் "ராட்டினம் ஏறினேன்" என்று வாய் திறந்து சொல்லணும். பெரியப்பா அதைத்தான் வெட்கப்பட்டு மறைத்தார்.


காவேரிப்பட்டணம்_மாங்கா
செவ்வாய், இரவு 8.45

நேற்று காது டாக்டரிடம் போனோம். கட்டிலில் உட்கார வைத்து, தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று பின்னால் சாய்த்தார், தலை கட்டில் விளிம்பைத் தாண்டித் தொங்க. இரண்டு மூன்று விநாடி ஒன்றுமில்லை. அப்புறம் அம்மாவின் கண்மணி இரண்டும் சுழன்று சுழன்று துடித்தது. பரிசல்காரர் எழுதியிருந்தாரே, அதைக் கண்ணால் பார்த்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான் போயிற்று. டாக்டர் அப்படியே பிடித்து, துடிப்பு நின்றதும் தலையை இடப்பக்கம், பிறகு உடம்போடு சேர்த்து ஒருக்களித்து, பிறகு எழுப்பி உட்கார வைத்தார். ஐந்து நிமிடம் இருக்காது. ராத்திரி வலப்பக்கம் புரண்டார், கட்டில் அசையவில்லை. நம்ப முடியாமல் இன்னும் இரண்டு தடவை புரண்டு பார்த்தார்.

தூரிதான் காரணமா என்று கேட்டேன். இருக்கலாம், வயதாகவும் இருக்கலாம், எலும்பு பலத்துக்கு வைட்டமின் டி பார்ப்போம் என்று ரத்தத்துக்கு எழுதிக் கொடுத்தார். மறுபடி வர வாய்ப்பு உண்டு, வந்தால் இதையே செய்யலாம் என்றார்.

வேன் பட்டியல் முடிவாகிவிட்டது. கொழுந்தியாளும் மாமனாரும் நிழலில் பை காவல். பிறகு ஸ்கேன் பார்த்ததில் மாமனார் கல் 9 மில்லிமீட்டராம். ஆனால் இந்த இழையை யாரோ அவருக்குப் படித்துக் காட்டிவிட்டார்கள், "பின் சீட்டா முன் சீட்டா?" என்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மா டாக்டரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல்லில் பரிசல் ஏறலாமா என்று. ஏறலாம், சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.


பென்னாகரம்_பரிசல்
செவ்வாய், இரவு 9.00

நம்ம ஆள் பரிசலில் ஏற்றிவிடுகிறேன். துடுப்பு நேராகத்தான் போகும்.


தூரிக்காரன்
செவ்வாய், இரவு 11.35

இப்போதுதான் கடைசி ட்ரிப் முடிந்தது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். அடுத்த வருடம் வந்தால் நடு வரிசை, டிக்கெட் வேண்டாம். பேத்தியை மட்டும் எதிரில் உட்கார வையுங்கள், திரும்பாமல் பார்க்கலாம்.